கிளிநொச்சிப் போறணையை மனதில் வைத்து நேப்பிள்ஸில் பீட்சா வகுப்புக்குப் போகிறவருக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் அப்பாவின் பேக்கரியை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். விறகுப் போறணைதான். பலெர்மோவில் இருக்கும் அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு, அதற்கு இத்தாலி போகிறீர்கள். திரும்பும் முன் நேப்பிள்ஸில் மூன்று இரவு தங்க எண்ணம். அங்கே பயணிகளுக்கு நடத்தும் பீட்சா வகுப்பில் சேர்வதில் பயன் உண்டா, எப்படிப்பட்ட வகுப்பைப் பார்க்க வேண்டும், கற்றதை ஊர்ப் போறணையில் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேப்பிள்ஸில் பல வருடம் பீட்சாப் போறணைக்கு முன்னால் நின்று உழைத்துவிட்டு இப்போது மாங்குளத்தில் இருக்கிறேன். அந்த வகுப்புகள் எப்படி நடக்கின்றன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வன்னி வெயிலில் மா என்ன பாடு படும் என்பதும் தெரியும். என் பதில்: சேருங்கள். ஆனால் செய்முறையை எழுதிக்கொண்டு வருவதற்காகச் சேராதீர்கள். கைக்காகவும் நெருப்புக்காகவும் சேருங்கள்.

செய்முறை எந்த இரகசியமும் இல்லை. 1984 இல் நேப்பிள்ஸில் தொடங்கிய உண்மையான நேப்பிள்ஸ் பீட்சாச் சங்கம் அதை அளவு அளவாக எழுதி வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2010 இல் அதைப் பாரம்பரியச் சிறப்பு உணவாகப் பதிந்தது. தண்ணீர், உப்பு, ஈஸ்ட், கோதுமை மா, இந்த நான்கும்தான். சீனி இல்லை, எண்ணெய் இல்லை, பால் இல்லை. ஒரு லீட்டர் தண்ணீருக்கு 1.6 முதல் 1.8 கிலோ மா, 40 முதல் 60 கிராம் உப்பு, அதிகபட்சம் 3 கிராம் பச்சை ஈஸ்ட். நீங்கள் பயன்படுத்துவது உலர்ந்த ஈஸ்ட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும், அதாவது ஒரு கிராம். ஒன்றே முக்கால் கிலோ மாவுக்கு ஒரு கிராம் ஈஸ்ட் என்றதும் உங்கள் அப்பா சிரிப்பார். பாணுக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் குறையை ஈடு செய்வது நேரம். மா குறைந்தது எட்டு மணி நேரம், பல கடைகளில் ஒரு நாள் முழுவதும், மெதுவாகப் புளித்து எழும்பும். வாசமும், விளிம்பில் விழும் கரும்புள்ளிகளும், உண்டபின் வயிறு கனக்காமல் இருப்பதும் அந்த நேரத்தால் வருபவை.

பயணிகள் வகுப்பின் நீளமோ இரண்டு, மூன்று மணி நேரம். எட்டு மணி நேரம் எழும்ப வேண்டிய மாவை அதற்குள் குழைத்து, எழுப்பி, சுட்டுத் தின்ன முடியாது. அதனால் எல்லா இடத்திலும் ஒரே ஏற்பாடுதான். நீங்கள் மா குழைப்பீர்கள், கை கழுவுவீர்கள், பிறகு முதல் நாளே கடைக்காரர் உருட்டி வைத்த உருண்டையை உங்கள் முன் வைப்பார்கள். நீங்கள் விரித்துச் சுடுவது அதைத்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வேறு வழி இல்லை. ஆனால் நல்ல ஆசிரியர் இதை வாய்விட்டுச் சொல்வார். இரண்டு உருண்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வார். புதிதாகக் குழைத்தது விரலை எதிர்த்துத் தள்ளும். ஊறியது குழிந்து, மெல்ல மெல்ல மேலே வரும். அந்த வித்தியாசம் உங்கள் விரலுக்குப் பழகிவிட்டால் ஊரில் மணிக்கூட்டை நம்ப வேண்டியதில்லை. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: "நான் குழைத்த மாவையா சுடுவேன்? இல்லையென்றால் சுடப்போகும் மா எத்தனை மணி நேரம் ஊறியது?" நேராகப் பதில் சொல்லும் இடத்துக்குப் போங்கள்.

இனிக் கை. பாண் போடுகிறவர்களின் கை மாவை இறுக்கி உருட்டிப் பழகியது. பீட்சாவுக்கு அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் மறக்க வேண்டும். உருண்டை 200 முதல் 280 கிராம். அதை மா தூவிய கல்லில் வைத்து, இரண்டு கைகளின் விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளியே அழுத்திக்கொண்டு போவார்கள். உள்ளே இருக்கும் காற்று விளிம்புக்குத் தள்ளப்படும். ஓரத்தில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றரைத் தொடவே கூடாது. திருப்பிப் போட்டு மறுபடியும் அதே அழுத்தல். அதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற அறைதல்: ஒரு கை மாவைக் கல்லில் பிடித்திருக்க, மறு கை அதன் ஓரத்தைத் தூக்கி முன்னங்கையில் போட்டு இழுத்துக் கல்லில் அடிக்கும். கொத்துக் கடைகளில் பரோட்டாவுக்கு மா வீசுவதைப் பார்த்த கண்ணுக்கு இது புதிதாகத் தெரியாது. ஆனால் பரோட்டாவில் ஓரம்வரை மெலிய வேண்டும், எண்ணெய் துணைக்கு இருக்கும். இங்கே நடுப்பகுதி கால் சென்ரிமீற்றருக்கு மெலிய, ஓரம் மட்டும் காற்றோடு நிற்க வேண்டும். உருளை வைத்துத் தேய்த்தால் ஓரத்துக் காற்றும் போய்விடும். எனவே உருளைக் கட்டையைக் கையில் கொடுக்கும் வகுப்பு நேப்பிள்ஸ் பாணி வகுப்பு அல்ல.

இதைப் படித்துக் கற்க முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று "இங்கே அழுத்தாதே" என்று கையைத் தட்டிவிட வேண்டும். அதனால் வகுப்பில் எத்தனை பேர் என்பது முக்கியம். ஆறு, எட்டுப் பேர் என்றால் ஆசிரியர் உங்கள் கையைப் பார்ப்பார். இருபது பேர் சேர்ந்த வகுப்பில் தலைக்கு ஒரு பீட்சா விரித்து, ஏப்ரன் கட்டி, படம் எடுத்து வெளியே வருவீர்கள். குடும்பத்தோடு பொழுது போக்க வருகிறவர்களுக்கு அதுவும் போதும். பேக்கரி நடத்துகிறவருக்குப் போதாது. ஒருவருக்கு எத்தனை உருண்டை என்று கேளுங்கள். இரண்டாவதை விரிக்கும்போதுதான் முதலாவதில் சொல்லித் தந்தது கையில் ஏறும். மேலதிக உருண்டைக்குப் பணம் கேட்டாலும் கொடுங்கள். வகுப்புக் கட்டணம் பெரும்பாலும் 40 முதல் 80 யூரோவுக்குள் இருக்கும். இலங்கைக் காசில் அது பெரிய தொகை, ஆகவே இதையெல்லாம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். உங்களிடம் ஏற்கனவே போறணை இருப்பது பெரிய வாய்ப்பு. உங்கள் போறணை எப்படி வேலை செய்கிறது? உள்ளே விறகை எரித்து, கல்லும் சுவரும் சூட்டைக் குடித்ததும் தணலையும் சாம்பலையும் இழுத்து வெளியே எடுத்துவிட்டு, துடைத்து, பிறகு பாணை ஏற்றி வாயை மூடுகிறீர்கள். பாண் வேகும்போது உள்ளே நெருப்பு இல்லை. கல் சேமித்து வைத்த சூடுதான். பீட்சாப் போறணையில் நெருப்பு வெளியே வருவதில்லை. ஒரு பக்கமாக ஒதுக்கி, வேலை முடியும்வரை விறகு போட்டு எரித்துக்கொண்டே இருப்பார்கள். சுவாலை கூரை வளைவில் ஏறித் தவழ்ந்து, பீட்சாவின் மேற்பகுதியை மேலிருந்து சுடும். அடியைக் கல் சுடும். வாய் திறந்தே இருக்கும். வெப்பம் 430 முதல் 485 பாகை செல்சியஸ். சுடும் நேரம் 60 முதல் 90 விநாடி. பாணுக்கு 220, 250 பாகையில் அரை மணி நேரம் காத்திருந்து பழகியவருக்கு இது வேறு உலகம்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வகுப்பில் அதை உன்னிப்பாகப் பாருங்கள். பீட்சாவை உள்ளே தள்ளும் அகப்பை அகலமானது. திருப்பும் அகப்பை சிறியது, வட்டமானது, நீண்ட இரும்புக் காம்பு கொண்டது. அரை நிமிடம் கழித்து அந்தச் சிறிய அகப்பையால் ஓரத்தைத் தூக்கி, சுழற்றி, மீண்டும் அதே இடத்தில் வைப்பார்கள். அதே இடம் என்பதுதான் விஷயம். பீட்சா இருந்த கல் கொஞ்சம் சூடு இழந்திருக்கும். பக்கத்துக் கல் முழுச் சூட்டோடு இருக்கும். ஒரு சாண் தள்ளி வைத்தால் மேலே வேகும் முன்னே அடி கருகிவிடும். கடைசியில் சில விநாடி கூரையை நோக்கித் தூக்கிப் பிடிப்பார்கள். மேலே பச்சையாகத் தெரிகிற இடம் அதில் சரியாகும். திருப்புவதை உங்களிடம் தருவார்களா என்றும் முன்பே கேளுங்கள். பல இடங்களில் "சூடு, ஆபத்து" என்று ஆசிரியரே செய்துவிடுவார். போறணைக்காரரின் பிள்ளை என்று சொல்லுங்கள், அகப்பை கையில் வரும். மின் அடுப்பு வைத்து நடத்தும் வகுப்பு உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் போறணையில் பீட்சா சுட வேண்டுமானால், பாணுக்கு எரிப்பதைவிட நன்றாக எரித்து, தணலை வெளியே இழுக்காமல் ஒரு சுவர் ஓரமாக ஒதுக்கி, சிறு விறகுகளால் சுவாலையை உயிரோடு வைத்திருந்து பாருங்கள். உங்கள் போறணையின் கூரை உயரமாக இருந்தால் மேற்சூடு குறையும். நேப்பிள்ஸ் போறணையின் வளைவு தாழ்வானது, வாய் சிறியது. ஆகவே 90 விநாடிக்கு வராது, இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அது குற்றம் இல்லை. மாவில் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டினால் காய்ந்து போகாது. விறகுக்கு நாங்கள் குறைப்பட வேண்டியதில்லை. அங்கே ஓக், பீச் போன்ற கெட்டி மரங்களைத் தேடுவார்கள். நன்றாகக் காய்ந்த பாலையும் வீரையும் அவற்றுக்கு எந்த விதத்திலும் சளைத்தவை அல்ல. சாயம் பூசிய பழைய பலகையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

அடுத்தது, நேப்பிள்ஸில் எந்த ஆசிரியரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாத பாடம். அந்த எட்டு மணி நேரம், ஒரு நாள் என்ற கணக்கெல்லாம் 23, 25 பாகை அறைக்கு எழுதியது. சித்திரை வெயிலில் கிளிநொச்சியில் உங்கள் பேக்கரிக்குள் 33 பாகை சாதாரணம், போறணை எரிந்தால் அதற்கு மேல். அதே ஈஸ்டைப் போட்டு அதே நேரம் வைத்தால் மா எழும்பி, விழுந்து, புளித்த நாற்றத்தோடு கையில் ஒட்டும். மா பிசைந்து முடியும்போது அதன் சூடு 25 பாகையில் நிற்க வேண்டும். அதற்குப் பேக்கரித் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்குங்கள்: 75. அதிலிருந்து அறையின் சூடு 33, மாவின் சூடு 32 இரண்டையும் கழித்தால் 10. இயந்திரம் பிசையும்போது உரசலால் ஏறுகிற சூட்டுக்கு ஐந்து பாகை தள்ளினால் மிச்சம் 5. ஆக, தண்ணீர் 5 பாகையில் இருக்க வேண்டும். ஐஸ் கட்டி மிதக்கிற தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பை 60 கிராமுக்குப் பக்கத்தில் வையுங்கள், உப்பு ஈஸ்டின் வேகத்தை அடக்கும். நேப்பிள்ஸிலேயே கோடையில் உப்பைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவும் செய்த பிறகும் பகலில் வெளியே வைக்காதீர்கள். மாலையில் குழைத்து, ஒரு மணி நேரம் வெளியே விட்டு, இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னே எடுத்து உருட்டுங்கள். வகுப்பில் விரல் பழகியிருந்தால் மீதியை மாவே சொல்லும்.

மா வாங்கிப் பெட்டியில் கட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்பீர்கள். தேவையில்லை. இத்தாலிய மாப் பையில் இருக்கும் இரட்டைச் சுழியம், மா எவ்வளவு சுத்தமாக அரைத்துச் சலித்தது என்பதைக் குறிக்கும். மாவின் பலத்தை அது குறிக்காது. பலம் புரதத்தில் இருக்கிறது. பீட்சாவுக்கு ஏறத்தாழ 11 முதல் 13 சதவீதப் புரதம் வேண்டும். இங்கே பாண் மா என்று மூட்டையில் வருவதில் அதற்கு நெருக்கமானதைத் தேடி எடுக்கலாம்.

சாப்பாட்டு ஒழுங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விரதம் என்று எழுதியிருந்தீர்கள். சலாமி, புரஷூட்டோ இரண்டும் பன்றி என்பது தெரிந்திருக்கும். சீஸில் இருப்பது பலருக்குத் தெரியாது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற காம்பானியா எருமை மொசரெல்லாவையும் பார்மிஜானோவையும் உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியம் சேர்க்கிறார்கள். மரக்கறி மட்டும் உண்கிறவர் மரினாரா கேட்கலாம்: தக்காளி, உள்ளி, ஒரேகானோ, ஒலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸே இல்லை. என்னைக் கேட்டால் வகுப்பில் முதலில் சுட வேண்டியதும் மரினாராதான். சீஸ் உருகி மாவின் குறைகளை மூடிவிடும். மரினாராவில் எதுவும் மறையாது.

எருமைப் பால் என்றதும் முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டி உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் மொசரெல்லா தயிரிலிருந்து வருவது அல்ல. நொதியம் சேர்த்துத் திரட்டி, அளவாகப் புளிக்க விட்டு, கொதிக்காத சுடுநீரில் நீட்டி இழுத்து எடுப்பது. எலுமிச்சம் புளி விட்டுத் திரித்த பன்னீர் எவ்வளவு சூட்டிலும் உருகி ஓடாது. மொசரெல்லா செய்வது தனித் தொழில், மூன்று இரவில் இரண்டையும் பிடிக்க முயல வேண்டாம்.

வகுப்பில் 1889 இல் மார்கரீத்தா அரசிக்காக முதல் மார்கரீத்தா பீட்சா சுட்ட கதையைக் கட்டாயம் சொல்வார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. 2017 இல் யுனெஸ்கோ நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞர்களின் கலையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது என்பது மட்டும் சந்தேகமற்ற செய்தி. முடிவில் ஒரு சான்றிதழும் தருவார்கள். சுவரில் மாட்டலாம், வேலைக்குச் செல்லாது. தொழிலாகவே கற்க வேண்டுமானால் முன்னே சொன்ன சங்கம் பல நாள் பயிற்சிகளை நடத்துகிறது. அது வேறு பயணத்துக்கு.

பலெர்மோவிலிருந்து இரவுக் கப்பலில் ஏறினால் காலையில் நேப்பிள்ஸில் இறங்கலாம். வகுப்பை அந்த முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்த கண்ணோடு மிச்ச நாட்களில் திரிபுனாலி வீதிக் கடைகளில் போறணை தெரிகிற மேசையாகப் பார்த்து உட்காருங்கள். விரிப்பவர் கை, சுடுபவர் கை இரண்டையும் பாருங்கள். முதல் நாள் புரியாதது அப்போது புரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் கடைக்கு எது விலைபோகும் என்பதைப் பற்றி என் கருத்து வேறு. நேப்பிள்ஸ் பீட்சா போறணையிலிருந்து இறங்கிய ஐந்து நிமிடத்தில் தின்ன வேண்டியது. ஆறினால் தோல். அதற்கு மேசையும் கதிரையும் காத்திருக்கும் வாடிக்கையாளரும் வேண்டும். உங்கள் வியாபாரம் பெரும்பாலும் முச்சக்கர வண்டியில் இசை போட்டுக்கொண்டு பரந்தன், தர்மபுரம் என்று ஒழுங்கைகளுக்குள் போகிற பாண் வியாபாரம். அதற்கு ஏற்றது உங்கள் அக்காவின் ஊரிலேயே இருக்கிறது. பலெர்மோவில் அதன் பெயர் ஸ்ஃபிஞ்சோனே. தட்டில் சுடும் தடித்த பீட்சா. அங்கேயும் அதை முச்சக்கர வண்டியில் வைத்து, ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வீதி வீதியாக விற்கிறார்கள். ஆறினாலும் ருசி குறையாது. பாண் போறணையின் சூடே அதற்குப் போதும்.

கொஞ்சம் இளகிய மா, எண்ணெய் பூசிய தட்டில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்கு எழும்பட்டும். அதில் உப்பு நெத்தலித் துண்டுகளையும் சீஸ் துண்டுகளையும் விரலால் அமுக்கி, மேலே வெங்காயத்தைத் தக்காளியோடு நெடுநேரம் வதக்கிய குழம்பைப் பரப்பி, அதற்கும் மேலே ஒரேகானோவும் எண்ணெயும் கலந்த பாண் தூளைத் தூவுகிறார்கள். சீஸ் கொஞ்சம்தான் போகும், விலை கட்டுப்படும். விற்காமல் மிஞ்சுகிற பாண் தூளாகிறது. நெத்தலிக்கு முல்லைத்தீவுக் கடல் இருக்கிறது, கருவாட்டு உப்பை மட்டும் ஊறவைத்துக் குறைக்க வேண்டும். மரக்கறிக்காரருக்கு நெத்தலி இல்லாமல் ஒரு தட்டு தனியாகச் சுடலாம்.

இதற்கு வகுப்பு தேடி அலைய வேண்டாம். பல்லறோ சந்தையில் இரண்டு மூன்று கடைகளில் வாங்கித் தின்று பாருங்கள். பிறகு சாமத்திய வீட்டுக்கு முந்திய வாரம் அக்காவின் வீட்டு அடுப்பிலேயே ஒரு தட்டு சுட்டு, மாடிக்கட்டில் பக்கத்து வீட்டுச் சிசிலிக்காரப் பெண்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். வெங்காயம் போதாதா, மா இன்னும் ஊற வேண்டுமா என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.